வீட்டில் பீர் காய்ச்சுவோருக்கு: எலிமெண்ட் தேர்வும் மின் பாதுகாப்பும்

(சிங்கப்பூர்ச் சமூக மன்றம் ஒன்றில், வீட்டுப் பாதுகாப்பு நிகழ்ச்சியில் குடியிருப்பாளர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்ததும் சிலர் என்னிடமே கேட்டுவிட்டார்கள்: "சுகாதார நிகழ்ச்சியில் பீர் பற்றி என்னங்க பேச்சு?" நியாயமான கேள்விதான். யாரையும் குடிக்கச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் நம் அடுக்குமாடி வீடுகளில் பீர் காய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குச் சட்டத்திலும் இடமிருக்கிறது. 18 வயது நிரம்பியவர்கள் பீர், ஒயின் போன்ற நொதிக்க வைத்த மதுவகைகளைத் தங்கள் சொந்தப் பயனுக்காக வீட்டில் தயாரிக்கலாம். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, விற்கக் கூடாது, காய்ச்சி வடித்துச் சாராயம் எடுக்கவே கூடாது. இந்த 30 லிட்டர் என்ற அளவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வேலை இருக்கிறது.

நான் பேச வந்தது பீரைப் பற்றி அல்ல, அதைக் காய்ச்சும் பாத்திரத்தைப் பற்றி. 25 லிட்டர் கொதிநீர், அதற்குள் 230 வோல்ட் மின்சாரம் பாயும் ஒரு கம்பி, கீழே ஈரமான தரை, பக்கத்தில் எவர்சில்வர் தொட்டி, குழாய். காய்ச்சுகிறவர் ஒருவர்தான். அந்தச் சமையலறையில் நடமாடுகிறவர்கள் பலர். அம்மா பாத்திரம் கழுவ வருவார். பணிப்பெண் தரையைத் துடைப்பார். பிள்ளை தண்ணீர் குடிக்க ஓடி வரும். காய்ச்சுகிறவருக்காவது எங்கே என்ன இருக்கிறது என்று தெரியும். மற்றவர்களுக்கு அது வெறும் பாத்திரம். அவர்களை நினைத்துத்தான் இன்றைய பேச்சு.

பீர் காய்ச்சாதவர்களும் எழுந்து போக வேண்டாம். விசேஷத்துக்குப் பெரிய அண்டாவில் வெந்நீர் வைப்பவர்கள், குளிக்க வாளியில் ஹீட்டர் ராடு போடுபவர்கள், எல்லாருக்கும் இதே கதைதான்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். முளைவிட்டு உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, சுமார் 65 முதல் 68 டிகிரி சூட்டில் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பார்கள். பிறகு அந்தச் சாற்றை வடிகட்டி, ஹாப்ஸ் சேர்த்து, ஒரு மணி நேரம் கொதிக்கவிடுவார்கள். பிறகு ஆறவைத்து ஈஸ்ட் போடுவார்கள். மின்சாரச் சூடு தேவைப்படுவது முதல் இரண்டு கட்டங்களுக்கு மட்டுமே. குளிர்நாடுகளில் நொதிக்கும் வாளிக்கும் சூடேற்றும் பட்டை சுற்றுவார்கள். அந்தப் பட்டை இணையக் கடைகளில் இங்கேயும் கிடைக்கிறது. வாங்காதீர்கள். பெரும்பாலான ஈஸ்ட் வகைகள் 20 டிகிரியை ஒட்டித்தான் நன்றாக வேலை செய்யும். நம் வீட்டில் 30 டிகிரி. இங்கே வாளியைக் குளிர்விக்கத்தான் வழி தேட வேண்டும்.

சரி, எலிமெண்ட் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? கேட்கிறவர்கள் பெரும்பாலும் 5,500 வாட் எலிமெண்ட் ஒன்றின் படத்தைக் கைப்பேசியில் காட்டுகிறார்கள். அமெரிக்கக் காணொளிகளில் அதுதான் வருகிறது. நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், கடினமான கணக்கு இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். நம் குழாய்த் தண்ணீர் ஏற்கெனவே 28 டிகிரியில் இருக்கிறது. 25 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 7,560 கிலோஜூல். 2,400 வாட் எலிமெண்ட் அதை 52 நிமிடத்தில் தந்துவிடும். பாத்திரத்தின் பக்கங்களிலும் ஆவியிலும் போகும் சூட்டையும் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊறவைக்கும் 67 டிகிரிக்கு வர அரை மணி நேரம் போதும். 5,500 வாட் எலிமெண்டோ அதே தண்ணீரை 23 நிமிடத்தில் கொதிக்கவைக்கும். மிச்சமாவது அரை மணி நேரம். காலையில் தொடங்கினால் மாலைவரை போகும் ஒரு வேலையில் அந்த அரை மணி நேரத்துக்காக வீட்டின் மின்கம்பிகளையே மாற்ற வேண்டுமா?

மாற்றத்தான் வேண்டியிருக்கும். நம் வீட்டுச் சுவரிலுள்ள சதுர மூன்று முனைச் சாக்கெட் 13 ஆம்பியருக்கானது. 13ஐ 230ஆல் பெருக்கினால் 2,990. ஏறக்குறைய 3,000 வாட், அதுவே அதன் உச்சம். 5,500 வாட் எலிமெண்ட் 24 ஆம்பியர் இழுக்கும். பழைய வீவக வீடுகள் சிலவற்றில் முதன்மைச் சுவிட்சே 30 ஆம்பியர்தான். பிற்காலத்து வீடுகளில் 40. ஒரு பாத்திரம் 24 ஆம்பியரை எடுத்துக்கொண்டால், குளிரூட்டியும் குளியலறை ஹீட்டரும் எங்கே போவது?

இங்கேதான் அந்த 30 லிட்டர் உதவுகிறது. மாதத்துக்கு 30 லிட்டர்தான் என்கிறது விதி. அதற்கு மேல் காய்ச்சும் அவசியம் உங்களுக்கு இல்லை. அந்த அளவுக்கு 2,000 முதல் 2,400 வாட் தாராளம். 2,400 வாட் என்பது 10.4 ஆம்பியர். 13 ஆம்பியர் சாக்கெட்டில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓடினாலும் பிளக்குக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கும். 3,000 வாட்டும் கணக்குப்படி சரிதான். ஆனால் கெட்டில் மூன்று நிமிடம் ஓடி நின்றுவிடும், இது மணிக்கணக்கில் ஓடும். பழைய சாக்கெட்டின் தளர்ந்த பிடிப்பில் அந்தச் சூடு தங்கும். பிளக்கைக் கழற்றும்போது கையில் சுட்டாலோ, பழுப்பு நிறக் கறை தெரிந்தாலோ அந்தச் சாக்கெட்டை மாற்றும் வரை பயன்படுத்தாதீர்கள்.

இனி எலிமெண்டின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவு. அதைப் படிக்காமல் வாங்குவதுதான் நான் பார்த்தவற்றிலேயே மிக ஆபத்தான பழக்கம். அமெரிக்காவில் 120 வோல்ட்டும் உண்டு, 240 வோல்ட்டும் உண்டு. 240 வோல்ட் எலிமெண்டை இங்கே போட்டால் எட்டு விழுக்காடு குறைவாகச் சூடாகும், அவ்வளவுதான். 120 வோல்ட் எலிமெண்டை 230 வோல்ட்டில் போட்டால் வோல்ட் ஏறக்குறைய இரு மடங்கு, சூடோ ஏறக்குறைய மூன்றேமுக்கால் மடங்கு. 1,500 வாட் என்று எழுதியிருந்தது 5,500 வாட்டாக எரியும். "ஃபியூஸ் போய்விடும், பரவாயில்லை" என்று நினைக்க வேண்டாம். 13 ஆம்பியர் ஃபியூஸ் 20 ஆம்பியரைக்கூடக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பிளக்கும் கேபிளும் உருகத் தொடங்கலாம்.

ஊரிலிருந்து கொண்டுவரும் ஹீட்டர் ராடைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக்குப் போய்வரும்போது பெட்டியில் ஒன்று வந்துவிடுகிறது. வோல்ட் அங்கேயும் 230 என்பதால் இங்கே அது உடனே வேலை செய்யும். அதனாலேயே நம்பிவிடுகிறோம். ஆனால் அதன் பிளக் நம் சாக்கெட்டில் நுழையாது. ஒரு பயண அடாப்டரைச் செருகுகிறோம். பல பயண அடாப்டர்களில் எர்த் இணைப்பே கிடையாது. ராடில் எர்த் இருந்தும், அடாப்டரில் அது அறுந்துபோகிறது. கம்பி சூடாகும், தண்ணீர் கொதிக்கும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. அது கண்ணுக்கும் தெரியாது.

எர்த் என்ன செய்கிறது என்று விளங்கிக்கொள்ள எலிமெண்டின் உள்ளே பார்க்க வேண்டும். வெளியே தெரிவது உலோகக் குழாய். மின்சாரம் ஓடுவது அதற்குள் இருக்கும் மெல்லிய கம்பியில். இரண்டுக்கும் நடுவே மெக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. நல்ல பொருள்தான், ஆனால் ஈரத்தை உறிஞ்சும். குழாயில் மயிரிழை விரிசல் விட்டாலும், முனையில் உள்ள அடைப்பு தேய்ந்தாலும், ஈரம் உள்ளே போய் மின்சாரம் வெளிக்குழாய்க்குக் கசியும். குழாய் பாத்திரத்தைத் தொடுகிறது, தண்ணீரையும் தொடுகிறது. இப்போது பாத்திரம் முழுவதும் மின்சாரம்.

இந்த நிலையில் அம்மா ஒரு கையால் பாத்திரத்தை நகர்த்திவிட்டு, மறு கையால் குழாயைத் திறக்கிறார் என்று வையுங்கள். எர்த் ஒழுங்காக இருந்தால், கசிந்த மின்சாரம் அவர் தொடுவதற்கு முன்பே பச்சை மஞ்சள் கம்பி வழியாகப் போயிருக்கும். மின்பெட்டியில் உள்ள ஆர்சிசிபி அதைக் கண்டு மின்சாரத்தைத் துண்டித்திருக்கும். எர்த் இல்லாவிட்டால், பாத்திரம் சும்மா காத்திருக்கும். எர்த்துக்குப் போகும் பாதை அம்மாவின் கை, நெஞ்சு, மறு கை என்று அமையும்.

மனித உடலுக்கு எவ்வளவு தாங்கும்? 10 மில்லியாம்பியர் அளவிலேயே தசை இறுகிப் பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30ஐத் தாண்டினால் மூச்சுவிடும் தசைகள் பாதிக்கப்படலாம். அதற்கும் மேலே போகப் போக இதயத்தின் துடிப்பு குலையும் அபாயம் கூடுகிறது. நம் 2,400 வாட் எலிமெண்ட் இழுப்பது 10,000 மில்லியாம்பியருக்கும் மேல். ஒருவர் உடம்பில் 100 மில்லியாம்பியர் பாய்ந்து அவர் துடித்துக்கொண்டிருந்தாலும் 13 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது கொசுக்கடி. அது அறுந்துபோகாது. ஃபியூஸ் காப்பது கம்பியை. உங்களைக் காப்பது 30 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி. வீடுகளில் 1985 ஜூலை முதல் இது கட்டாயம். அதற்கு முன் கட்டிய வீடுகளுக்கும் 2023 ஜூலை 1 முதல் விதி விரிவாக்கப்பட்டு, பொருத்திக்கொள்ள 2025 ஜூலை 1 வரை அவகாசம் தரப்பட்டது. முதிய பெற்றோர் பழைய வீட்டில் தனியாக இருந்தால், அடுத்த முறை போகும்போது மின்பெட்டியைத் திறந்து பாருங்கள். 'டி' என்ற எழுத்தோ 'டெஸ்ட்' என்ற சொல்லோ உள்ள ஒரு பொத்தான் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை அதை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரம்.

ஆர்சிசிபிக்கும் எல்லை உண்டு. ஒரு கை மின்கம்பியிலும் மறு கை நியூட்ரல் கம்பியிலும் பட்டால், அதன் கண்ணுக்கு நீங்களும் ஒரு மின்சாதனம்தான். அது விழாது. ஆகவே எலிமெண்டின் பின்புற முனைகள் எந்த நேரத்திலும் வெளியே தெரியக் கூடாது.

அடுத்து எலிமெண்டின் உருவம். தண்ணீருக்குக் கவலை இல்லை, மால்ட் சாறு சர்க்கரை நிறைந்தது, அடிப்பிடிக்கும். அடிப்பிடித்தால் பீர் கருகல் வாசம் அடிக்கும். அதைவிட முக்கியம், கருகிய படலத்துக்கு அடியில் குழாய் அளவுக்கு மீறிச் சூடேறி வெடிப்பு விடும். அதனால் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு 8 வாட் அளவில் சூடு தரும் நீண்ட எலிமெண்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 2,400 வாட்டுக்கு 300 சதுர சென்டிமீட்டர் பரப்பு வேண்டும். 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள தண்டாக இருந்தால் மொத்த நீளம் ஏறக்குறைய 120 சென்டிமீட்டர், அதை மடித்து வளைத்திருப்பார்கள். அதே 2,400 வாட்டைக் கைக்கடக்கமான 30 சென்டிமீட்டர் தண்டில் அடைத்து மலிவாக விற்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நான்கு மடங்கு சூடு. வெந்நீருக்கு அது போதும், மால்ட் சாற்றுக்கு ஆகாது. வெளிக்குழாய் எவர்சில்வராகவோ இன்காலாய் என்ற கலப்பு உலோகமாகவோ இருக்கட்டும். தண்டு நன்றாக இருந்தும் அதைப் பாத்திரத்தோடு பிணைக்கும் அடிப்பகுதி சாதாரண இரும்பாக இருந்து துருப்பிடிப்பதுண்டு. அதையும் கேட்டு வாங்குங்கள்.

எலிமெண்ட் முழுவதும் நீரில் மூழ்கிய பிறகே சுவிட்ச். பாத்திரத்தைக் காலி செய்வதற்கு முன்பே பிளக் வெளியே. நீரில்லாமல் எரிந்தால் சில நொடிகளில் குழாய் சிவந்துவிடும். அந்தச் சூட்டில் தண்ணீரை ஊற்றினால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து.

இப்போது இணைப்பு வேலை. என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: பெரும்பாலானோருக்கு இந்த வேலையே வேண்டாம். எலிமெண்ட் அடியில் பொருத்தி, சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியோடு, பிளக்கோடு முழுமையாக வரும் காய்ச்சும் பாத்திரங்கள் கிடைக்கின்றன. 230 வோல்ட், நம் ஊர் பிளக், தகுந்த பாதுகாப்புச் சான்று ஆகியவற்றைப் பார்த்து வாங்குங்கள். கெட்டில், நீரில் அமிழ்த்தும் ஹீட்டர், மூன்று முனை பிளக், பல துளை அடாப்டர் போன்றவற்றுக்குச் சிங்கப்பூரில் பாதுகாப்பு முத்திரை கட்டாயம். இல்லையென்றால் 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரத்தை வையுங்கள். தண்ணீருக்குள் மின்சாரமே இருக்காது. கொஞ்சம் மெதுவாகத்தான் கொதிக்கும், மூடி போட்டு உதவலாம். சாறு கொதிக்கும் நேரத்தில் மட்டும் மூடியை எடுத்துவிடுங்கள், பொங்கி வழியும்.

பாத்திரத்தில் துளையிட்டு எலிமெண்ட் பொருத்தியே தீருவேன் என்பவர்கள், மின்சாரப் பகுதியை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் கொடுங்கள். புதிய சாக்கெட், புதிய சர்க்கியூட், மின்பெட்டியில் எந்த மாற்றம் என்றாலும் அவர்தான் செய்ய வேண்டும். அது சட்டம். அவர் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவரா என்று கேட்பதில் தவறில்லை, கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் செய்து முடித்த வேலையை நீங்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் இனிச் சொல்வது. எடுத்துவைத்துக்கொண்டு நீங்களே செய்வதற்கு அல்ல.

எலிமெண்டின் பின்முனைகள் நீர் புகாத மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். கேபிள் அந்தப் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் இழுத்தாலும் அசையாத இறுக்கி இருக்க வேண்டும். கேபிள் சூடு தாங்கும் ரப்பர் அல்லது சிலிக்கோன் உறை போட்டதாக, 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியாக இருக்கட்டும். பச்சை மஞ்சள் கம்பி எலிமெண்டின் உலோகத்தோடும் பாத்திரத்தின் உடலோடும் திருகாணி போட்டு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். உலோகப் பெட்டி என்றால் அதற்கும் எர்த் வேண்டும். எர்த் இருக்கிறதா என்று மின்பணியாளர் மீட்டர் வைத்து உங்கள் கண்முன்னே காட்டட்டும்.

நிறங்களை மட்டும் காணொளி பார்த்து முடிவு செய்யாதீர்கள். இன்று நம் கேபிள்களில் பழுப்பு மின்கம்பி, நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். நம் பழைய வீடுகளின் சுவருக்குள் சிவப்பு மின்கம்பி, கறுப்பு நியூட்ரல். அமெரிக்காவிலோ கறுப்புதான் மின்கம்பி. வெள்ளை நியூட்ரல். ஒரே கறுப்புக் கம்பி, இங்கே ஒரு பொருள், அங்கே நேர் எதிரான பொருள். அமெரிக்க 240 வோல்ட் சாதனத்தில் இரண்டு கம்பிகளுமே மின்கம்பிகள் என்பது இன்னொரு குழப்பம். அந்த ஊர்க்காரர் தம் ஊருக்குச் சரியாகத்தான் சொல்கிறார். நம் சுவருக்கு அது பொருந்தாது.

சூட்டைத் துல்லியமாகக் கட்டுப்படுத்த எஸ்எஸ்ஆர் என்ற மின்னணு ரிலேயோடு ஒரு பெட்டி செய்வது பொழுதுபோக்காளர்களுக்குப் பிடித்த வேலை. ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எஸ்எஸ்ஆர் பழுதாகும்போது பெரும்பாலும் திறந்த நிலையில் நிற்காது, மூடிய நிலையில் சிக்கிக்கொள்ளும். திரையில் "அணைந்தது" என்று காட்டும், எலிமெண்ட் எரிந்துகொண்டிருக்கும். பழுதாகாதபோதும் அணைத்த நிலையில் சிறிதளவு மின்சாரம் கசியும். ஆகவே அது அணைந்திருப்பதை நம்பிப் பாத்திரத்துக்குள் கை விடாதீர்கள். மின்கம்பி, நியூட்ரல் இரண்டையும் ஒன்றாகத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கழுவும் நேரத்தில் அதுவும் போதாது, பிளக்கையே கழற்றிவிடுங்கள்.

நீட்டிப்புக் கேபிளில் காய்ச்ச வேண்டாம். முக்கியமாக, சுருளில் சுற்றிவைத்த கேபிளை அவிழ்க்காமல் பயன்படுத்தினால் உள்சுற்றுகள் சூடேறி உருகும். பாத்திரத்தைச் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். சாக்கெட்டுக்கு நேர் கீழே வைக்காதீர்கள், ஆவி அதில் போய்ப் படியும். கேபிள் சாக்கெட்டைவிடத் தாழ்ந்து தொங்கி, பிறகு மேலேறிப் போகட்டும். வழியும் நீர் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும்.

மின்சாரத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன். வெந்நீரால் வரும் காயத்தையும் மறந்துவிடக் கூடாது. 60 டிகிரி நீர் ஐந்து நொடியில் ஆழமான புண்ணை உண்டாக்கும். 70 டிகிரிக்கு ஒரு நொடி போதும். பிள்ளைகளின் தோலுக்கு இன்னும் குறைவு. மால்ட் ஊறும் சூடு இந்த இரண்டுக்கும் நடுவில். அது கொதிக்காமல் அமைதியாக இருப்பதால் பிள்ளைக்கு ஆபத்து தெரியாது. சர்க்கரைச் சாறு வேறு, தோலில் ஒட்டிக்கொள்ளும். பாத்திரத்தின் மேல் கால் பங்கு காலியாக இருக்கட்டும், ஹாப்ஸ் போட்டதும் நுரை பொங்கும். 25 லிட்டர் கொதிநீரைத் தூக்காதீர்கள். அடியில் குழாய் வைத்த பாத்திரத்தை வாங்குங்கள், அல்லது இருந்த இடத்திலேயே ஆறவிடுங்கள். காய்ச்சும் நாளில் சென்ற முறை காய்ச்சியதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது பலருக்கு வழக்கம். அதை வேலை முடிந்து பிளக்கைக் கழற்றிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

சுட்டுவிட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். ஐஸ் வேண்டாம். பற்பசை, சோயா சாஸ், நெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். துணி தோலில் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் பட்டாலோ, பாதிக்கப்பட்டது பிள்ளையாக இருந்தாலோ மருத்துவமனைக்குப் போங்கள்.

மின்சாரம் தாக்கியவரை முதலில் தொடாதீர்கள். ஓடிப்போய்த் தூக்கத்தான் மனம் சொல்லும். தூக்கினால் இரண்டு பேர் கிடப்பீர்கள். சுவிட்சை அணையுங்கள், முடியாவிட்டால் மின்பெட்டியில் முதன்மைச் சுவிட்சை. பிறகு 995. மூச்சு இல்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், புளோக்கின் கீழே ஏஇடி கருவி இருந்தால் ஒருவரை அனுப்பி எடுத்துவரச் சொல்லுங்கள். தாக்கியவர் எழுந்து உட்கார்ந்து "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வெளியே சிறு கரும்புள்ளி மட்டும் தெரியும், உள்ளே தசையோ இதயத் துடிப்போ பாதிக்கப்பட்டிருக்கலாம்.

கடைசியாக, பேச்சுக்கு முன்பு ஒரு தம்பி கேட்ட கேள்வி. "அண்ணே, புது எலிமெண்ட் போட்டதிலிருந்து ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது. குளிர்சாதனப் பெட்டியும் அணைந்துவிடுகிறது என்று அம்மா சத்தம் போடுகிறார். எர்த் கம்பியைக் கழற்றினால் விழுவதில்லை. அப்படியே விட்டுவிடலாமா?"

தம்பி, எர்த்தைக் கழற்றினால் விழுவதில்லை என்பதே என்ன நடக்கிறது என்று காட்டுகிறது. உங்கள் எலிமெண்ட் கசிகிறது. எர்த் இருந்தபோது அந்தக் கசிவு கம்பி வழியாகப் போய் ஆர்சிசிபிக்குச் செய்தி சொன்னது. கழற்றிய பிறகு கசிவு நிற்கவில்லை, செய்தி மட்டும் நின்றுவிட்டது. இப்போது மின்சாரம் பாத்திரத்தில் தங்கி, தொடும் ஆளுக்காகக் காத்திருக்கிறது. இன்று இரவே பிளக்கைக் கழற்றி வையுங்கள், வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவையுங்கள். மின்பணியாளரிடம் எலிமெண்டைக் கொடுத்து இன்சுலேஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள், சில நிமிட வேலை. நீண்ட நாள் கடையில் கிடந்து தூள் ஈரம் உறிஞ்சியிருந்தால், சில எலிமெண்டுகள் முறையாக உலர்த்தியபின் சரியாகும். அதை அவர் அளந்து சொல்லட்டும். விரிசல் என்றால் சரிசெய்ய வழியில்லை, புதியது வாங்க வேண்டியதுதான். எது ஆனாலும், எர்த் கம்பியை முதலில் இருந்த இடத்தில் அவரையே மாட்டச் சொல்லுங்கள்.